பாறசாலையில் இரண்டு ஆ

களியக்காவிளையில் ரப்பர் ஷீட் கடைக்கு மேல்
புகைநாற்றம் ஏறிவரும் ஒற்றை அறை.
விக்கிளிஃப் நேசையன், டெனர் என்று
பலகை ஏதும் இல்லை.

ஜெர்மனியில் பதினெட்டு வருஷம்
சேர்ந்திசையில் மூன்றாம் வரிசை.
ஒரு ராத்திரி முதல் பாடகனுக்குத் தொண்டை கட்ட
நான்கு வரி தனியாகப் பாடினாராம்.
ஐந்தாவதைப் பற்றிக் கேட்டால்
ஜன்னலைத் திறப்பார்.

என்னைவிடப் பத்து வயது இளையவர்.
நான்கு மாதம் பாட்டே கிடையாது.
தரையில் மல்லாந்து கிடக்க வேண்டும்,
வயிற்றில் கீழ்க்கடையின் ஐந்து கிலோ படிக்கல்.
"கல்லு ஏறணும். தோளு ஏறப்பிடாது."

கண்டக்டர் தொண்டை சார், கெட்டுப்போனது என்றேன்.
"பஸ்ஸுல கூப்பிடுவீருல்லா, அப்படியே கூப்பிடும்."
பாறசாலை பாறசாலை பாறசாலேய்...
கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தார்.
"இந்த ஆ-வுக்கு நான் ஆறு வருஷம் அலைஞ்சேன், வேய்.
நீரு சில்லறை எண்ணிட்டே நிக்கீரு."

உடனே திட்டும் விழுந்தது:
கடைசி 'லேய்'யில் தாடையை இறுக்குகிறேனாம்.

இன்று காலை சோதனைச்சாவடி நெரிசலில்
படியில் தொங்கிக் கூவினேன்.
மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்
பிரஷ்ஷால் தன் தாடையை
இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.