கிணற்றுச் செலவு

சாமிக்குத் தோத்திரம்.
நீங்கள் கோயமுத்தூர் போய்த் திரும்புவதற்குள்
கணக்கை முடிக்கச் சொன்னீர்கள்.
செங்காட்டுப்புதூர் சூசையப்பர் கோயில்,
சித்திரை தொட்டு ஆடிக் கடைசி வரை.
எழுதுவது உபதேசி சந்தியாகு.

விளக்கெண்ணெய், செக்கு ராக்கியண்ணனிடம், பதினோரு படி.
ஒரு படி குறைத்து அளந்தார். கேட்டதற்கு,
"உங்க சாமி ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கோணுமுங்களா?" என்றார்.
சிரித்துவிட்டேன். ஆகவே அந்தப் படியை
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும்.

மணி. ஈரோட்டு ரயிலடியிலிருந்து வண்டி வாடகை
இரண்டு ரூபாய் ஆறணா.
காளைகளுக்குப் பருத்திக்கொட்டை தனி.
கொக்கி அடித்த வையாபுரி ஆசாரி
கூலி வாங்குமுன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்.
"நல்ல வெங்கலமுங்க.
ஓரத்துல மட்டும் வேற ஒரு பேச்சு இருக்குது."
எனக்குக் கேட்கவில்லை.
அவர் சொன்ன நாள் முதல் கேட்கிறது.

பீடத்துத் துணி வெளுக்கும் பொங்கியம்மாளுக்கு
மாசம் ஒரு வள்ளம் கம்பு.
நன்மைத் துணியை நீங்களே முதலில் அலசுவதை
வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள்.
"சாமி பாவம், கசக்கவே தெரியல" என்றாள்.

மருத்துவச்சி ராமக்காளுக்கு,
பிழைக்காத பிள்ளைகளின் தலையில் தண்ணீர் ஊற்ற,
தலைக்கு ஓரணா.
நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை
நெற்றித் திருநீறு கலையாமல் சொல்கிறாள்.
இஸ்பிரீத்து என்பதில் மட்டும் நாக்கு இடறுகிறது.
இந்த வருசம் ஏழு.
பெயர் அவளுக்கு ஒன்றுதான் தெரியும்.
பையன் என்றால் சவரியான், பெண் என்றால் சவரியாயி.

கிணறு.

கிணறு, நாற்பத்திரண்டு அடிக்குக் கீழே பாறை.
வேட்டு மருந்து நாலு ரூபாய்.
கல்வெட்டும் ஆட்கள் ஒன்பது பேர், நாளுக்கு இரண்டணா,
ராகிக் களி கோயில் செலவு.
ஆடி பதினாறு வெள்ளிக்கிழமை முதல்
எட்டுப் பேர்.

வெடிக்காத குழியை ஓபுளன் கிளறியிருக்கிறான்.
கல் ஏற்றும் கூடையிலேயே அவனை ஏற்றினோம்.
மாடுகள் எப்போதும் போலப் போயின,
எப்போதும் போல நின்றன.
நான் கயிற்றைப் பிடித்திருந்தேன்; அவன் மேலே வந்த பிறகும்
விடத் தோன்றாமல் பிடித்திருந்தேன்.
ஊற்ற வேண்டியவன் நான். வார்த்தை தெரிந்தவன் நான்.

அவன் தலைத்துணி சொட்டச்சொட்ட நனைந்திருந்தது.
அந்த வேட்டுத்தான் ஊற்றைத் திறந்திருக்கிறது,
மூன்று மாசமாக நாம் தேடியதை.
ராமக்காள் துணியை உருவி
அவன் நெற்றியிலேயே பிழிந்தாள்.
வார்த்தைகளைச் சொன்னாள். இடறினாள்.
சவரியான் என்றாள்.
என்னைப் பார்த்து,
"இதுவும் பொழைக்காத புள்ளதானுங்களே."

பொழுது சாயுமுன் அவன் பெண்சாதி கங்கம்மா வந்தாள்.
"சவரியான் எவரு?" என்று கேட்டாள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கல்லறைச் சுவருக்கு உள்ளே குழி தோண்டுவதா
வெளியே தோண்டுவதா என்று
நாங்கள் பேசி முடிப்பதற்குள்
அவர்கள் தூக்கிப் போய்விட்டார்கள்,
பாறைக்கு மேற்கே, தங்கள் வழக்கப்படி.
கடப்பாரையையும் கூட வைத்தார்கள் என்று கேள்வி.
கோயில் சாமான், விலை எட்டணா.
திருப்பிக் கேட்கவில்லை. தள்ளுபடி.

ஞானஸ்நானப் புத்தகத்தில்
முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே
ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.
நீங்கள் வந்து லத்தீனில் எழுதலாம்,
கோடும் போடலாம்.
கேளாமல் ஊற்றிய தண்ணீர் செல்லுமா என்பது
எனக்குத் தெரிந்த வேதத்துக்கு மேலே.
எந்தப் புத்தகம் என்று தெரியாததால்
இங்கே, செலவில், எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் லேசாக உப்பு.
கொத்தமல்லி வராது, தென்னை பிடிக்கும்.
ஞாயிறு முதல் எல்லோரும் இறைக்கிறார்கள்.
மணியடித்ததும் குடத்தை இறக்கிவிட்டு வருகிறார்கள்,
பாதிப் பேர்.

ராமக்காளுக்கு எட்டாவது தலைக்கு ஓரணா எடுத்து வைத்தேன்.
வாங்க மாட்டேன் என்கிறாள்.
இருப்பை எண்ணும்போது
அந்த ஓரணா அதிகமாக நிற்கும்.
பிழை என்று நினைக்க வேண்டாம்.