ஏழு புள்ளி மூன்று

மாதத்தின் மூன்றாம் செவ்வாய். காலை பத்து மணி.
சுங்கை லெரேக் மாவட்ட மன்றம்.
குளிர்சாதனம் பதினெட்டில் நிற்கிறது.
தலைவர் தொண்டையைச் செருமுகிறார்,
நான் தேதியைத் தட்டச்சு செய்கிறேன்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை,
இது பதினோராம் ஆண்டு.
மலாயில் எழுத வேண்டும். அதில் ஒரு வசதி:
வினைக்கு முன்னால் ஒரு ‘டி’ வைத்தால்
செய்த ஆள் காணாமல் போய்விடுவார்.
ஏற்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது.
கவனத்தில் கொள்ளப்பட்டது.
தமிழிலும் ‘பட்டது’ உண்டுதான்,
ஆனால் பட்டவர் யார் என்ற கேள்வி
அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும்.

ஆறாவது: நகர நுழைவாயில் வளைவு.
செம்பனைக் குலை வடிவம்,
இரவில் நிறம் மாறும் விளக்குகள்.
எண்பத்து நாலாயிரம் வெள்ளி.
குலை சிவப்பா ஆரஞ்சா என்று கேட்டார் உறுப்பினர் சியூ.
இருபது நிமிடம் போனது.
பழுத்ததைத்தான் ஆலை எடுக்கும் என்றார் ஒருவர்.
சிரிப்பு.
சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

ஏழு புள்ளி ஒன்று, நாய் பிடிப்போருக்கு மிகைநேரப் படி.
ஏழு புள்ளி இரண்டு, பாசார் மாலாம் கடை வாடகை.
ஏழு புள்ளி மூன்று,
தோட்டத்து எல்லையில் ஒரு சந்து. இடிந்த லோங்காங்.
நாற்பது மீட்டர். மழை பெய்தால்
பதினாறு வீட்டு அடுப்படியில் கணுக்கால் தண்ணீர்.
ஆறாயிரத்து இருநூறு வெள்ளி.

நிதி அதிகாரி புவான் ரோஸ்னிதா
கண்ணாடியைக் கழற்றினார்.
சாலைப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்
கணினி அடுத்த பக்கத்தைத் திறக்காது.
வரைபடத்தில் அந்தச் சந்துக்குப் பெயர் இல்லை.
பெயரில்லாத இடத்தில்
பணத்தை எங்கே இறக்குவது?

‘அங்கே இருப்பவர்கள் என்னவென்று சொல்கிறார்கள்?’
தலைவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார்.
உறுப்பினர் தெய்வசிகாமணி கைப்பேசியைப் பார்த்தார்,
அது அவருடைய பகுதி.
பொறியாளர் கூரையைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.

எனக்குத் தெரியும்.
பதினேழு வயது வரை அந்தச் சந்தில்தான்
பள்ளிச் சப்பாத்தைக் கையில் பிடித்து நடந்தேன்.
ஆனால் குறிப்பெழுதுபவள் பேசுவதில்லை.
வருகைப் பட்டியலில் என் பெயர் கடைசியில்,
‘உடனிருந்தோர்’ என்பதன் கீழ்.
உடன் இருந்தேன்.
அவ்வளவுதான்.

கரிப்பாப் தட்டோடு நின்ற குணமலர்
யாரும் கேட்காமலே சொன்னாள்:
‘பொகவீட்டுச் சந்து.’
பிறகு எல்லாருக்குமாக மலாயில்,
‘லோரோங் ரூமா ஆசாப்.’
பிறகு, கோப்பையைத் தலைவர் பக்கம் நகர்த்தி,
‘தே ஓ, கூராங் மானிஸ்.’

கட்டம் நிரம்பியது. அடுத்த பக்கம் திறந்தது.
அதில் இன்னொரு கட்டம்:
பெயர்சூட்டும் துணைக்குழுவின் ஒப்புதல் எண்.
துணைக்குழு நவம்பரில் கூடும்.
பட்ஜெட் அக்டோபரில் மூடும்.
‘அப்படியென்றால்...’ என்றார் தலைவர்.
வாக்கியத்தை யாரும் முடித்துக் கொடுக்கவில்லை.
கரிப்பாப் சூடாக இருந்தது.

டி. ஒத்திவைக்கப்பட்டது.

எல்லாரும் போனபின் வரைவைத் திருத்தினேன்.
‘ஒரு தகவல் பெறப்பட்டது’ என்று இருந்ததை அழித்து
‘குணமலர் த/பெ வீராசாமி, பணியாளர், தெரிவித்தார்’
என்று எழுதினேன். வினைக்கு முன்னால் டி இல்லை.
அடுத்த மாதம் யாராவது ஆட்சேபிக்கலாம்.
திருத்தங்கள் என்று ஒரு பொருளே இருக்கிறது,
பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே மழை பிடித்துவிட்டது.
மகனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிய குணமலர்
செருப்பைக் கழற்றி
பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள்,
வீடு போய்ச் சேரும் முன்பே.