இடக்கைக் கல்

துர்க்கானா ஏரிக்கு மேற்கே
வற்றிய ஆற்றின் மணலைச்
சலித்துச் சலித்தே சலித்துப்போயிருந்தான் எவோய்.
தினக்கூலி. உச்சிவெயில்.
நிழலென்று இருந்தது அவனுடையது மட்டும்,
அதுவும் காலடியில்.

சல்லடையில் ஒரு கல் தங்கியது.
வலக்கையில் உறுத்தியது.
இடக்கைக்கு மாற்றினான்:
பெருவிரலுக்கென்றே ஒரு பள்ளம்.

விளிம்பில் ஏழு வெட்டு. ஆறு பிசகு.
எரிச்சலில் எறிந்திருப்பாள்,
இல்லை, மழை பிடித்திருக்கும்,
இல்லை, யாரோ கூப்பிட்டிருப்பார்கள்,
பெயர்கள் பிறக்காத காலத்தில்
எப்படியோ.

எட்டாவது வெட்டு எங்கே விழவேண்டுமென்று
அவன் கைக்குத் தெரிந்திருந்தது.

"என்னது அங்கே?"
மேட்டிலிருந்து நகிருவின் குரல்.
பையிலிட்டு எண் எழுதுமுன்
காற்றில் ஒருமுறை
ஓங்கி இறக்கினான்.

தூரத்தில் ஆடொன்று தும்மியது.

"கல்தான்" என்றான்.