பின்வாசல் இணைப்பு

குடிநீர் வரி அட்டையில் இன்னும் இருப்பவர்
சா.வயி.லெ. முத்துவயிரவன்.
போய்ச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
அவர் பேரில் நான்தான் பணம் கட்டுகிறேன்.
"அய்யா நல்லா இருக்காரா?" என்பான்
கவுண்ட்டர் பையன்.
"நல்லா இருக்கார். தண்ணிதான் வரலையாம்."

தேவகோட்டையில் பாதி வீட்டை வாடகைக்குப் பிடித்து
நர்சுகளுக்கு விடுதி நடத்துகிறேன்.
பத்தொன்பது பெண்கள், மூன்று ஷிப்டு,
ஒரு அரை அங்குலக் குழாய்.
அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்,
விடியுமுன் நாற்பது நிமிஷம்.

நைனா முகமது மீட்டரடியில் வெட்டிக் காட்டினார்.
ஜி.ஐ. குழாயின் உட்சுவரெல்லாம் துரு தடித்து
நடுவில் ஒரு கடுகு போக வழி.
"இதுல தண்ணி வந்ததே உங்க புண்ணியம்."
"புண்ணியம் இல்ல நைனா, மோட்டாரு."
காதில் விழாதவர்போல் டேப்பை இழுத்தார்.

முன்தெருவில் மெயின்.
சமையல்கட்டு பின்தெருவில்.
இடையில் நூற்றெழுபது அடி வீடு,
பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு,
அத்தனை தரையிலும் ஆத்தங்குடிக் கல்.
ஒரு கல்லைப் பெயர்க்க
பதினொரு பங்காளிகள் கையெழுத்து வேண்டும்.
ஐந்து பேர் சென்னை. இருவர் ஈப்போ.
ஒருவர் டல்லாஸ்.
இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.
பதினோராமவர் யார் என்பதே
வழக்கில் இருக்கிறது.

பின்தெருவிலும் மெயின் உண்டு,
புதுசு, நாலு அங்குலம்.
ஆனால் அந்தத் தெரு பதினாலாம் வார்டு,
வீடு பதிமூன்றாம் வார்டு.
உதவிப் பொறியாளர் வரைபடத்தில் விரலை ஓட்டினார்.
எல்லைக்கோடு
எங்கள் கிரைண்டருக்குக் குறுக்கே போனது.

தரையைத் தொடாமலிருக்கவும்
தடையில்லாச் சான்று கேட்டார்கள்.
எப்படி வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.
டல்லாஸ்காரர் வாட்ஸ்அப்பில்
ஒரு மஞ்சள் கட்டைவிரல் அனுப்பினார்.
அதையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு ஒட்டினேன்.

நேற்று பள்ளம் தோண்டினார்கள்.
இரண்டடிக்குக் கீழே செம்பூரான்;
கடப்பாரை பட்ட இடத்தில் மணியடித்தது.
ஃபெரூலுக்குத் துளை போட்டதும்
மெயினில் மிச்சமிருந்த தண்ணீர்
நைனாவின் முகத்தில் பீச்சியது.
அவர் துடைத்துக்கொள்ளவில்லை.
நீலக்கோடு போட்ட ஒரு அங்குலக் கறுப்புக் குழாய்
சுருள் பழக்கத்தை விடாமல்
திரும்பத் திரும்ப எழுந்து நின்றது.
மலைராசும் நானும் மிதித்துப் படுக்கவைத்தோம்.

"அம்பது வருஷத்துக்குக் கவலையில்ல"
மண்ணைத் தள்ளினார் நைனா.
என் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம்.
அதில் நாலு ஓடிவிட்டது.

இன்று நாலே முக்காலுக்கு
குழாய் முதலில் இருமியது.
காற்று. செம்மண் கரைசல். மறுபடி காற்று.
பிறகு
நான் எண்ண ஆரம்பித்தேன்.
பழைய குழாயில் ஒரு பக்கெட்டுக்கு
முன்னூற்றுப் பத்து எண்ணுவேன்.
இது நாற்பத்தொன்றில் விளிம்பைத் தொட்டது.

நைட் டூட்டி முடிந்து வந்த அமலோற்பவம்
செருப்போடு காலை நீட்டினாள்.
"அக்கா, மோட்டார் போட்டிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
பக்கெட் வழிந்து
பதினாலாம் வார்டிலிருந்து பதிமூன்றாம் வார்டுக்குள்
போய்க்கொண்டிருந்தது.