சோதனைத் தாள்

குன்னூரில் மூன்று மணிக்கே விளக்கு.
கடைக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது பனி.

"குலுக்கிப் பாருங்க" என்றார் போஜன்.
அடியில் படிந்திருந்த பொன்தூள்
ஊதாவுக்குள் எழுந்து சுழன்றது.

நீலத்தில் வெள்ளி வேண்டாம்,
கல்யாணப் பத்திரிகை மாதிரி.
செம்பு மின்னும் பழுப்பா?
பதினோரு வருஷம் தேயிலைச் சாயத்தை
ருசித்து ருசித்துத் துப்பியவளுக்கு
அது வேலைநேரத்து நிறம்.

ஊதாதான்.

சோதனைத் தாளில் இடமே இல்லை.
கையெழுத்துகள், பிள்ளையார் சுழிகள்,
யாரோ ஒருவர்
ஷீலா ஷீலா ஷீலா.
ஓரத்தில் இரண்டு விரற்கடை கிடைத்தது.
'ராஜினாமா' என்று எழுதினேன்.

போஜன் படித்தார்.
எதுவும் கேட்காமல்
செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.
கடைசித் துணைக்காலில் மட்டும்
மை தேங்கி மினுங்கியது.

"காய நேரமாகும் மேடம்."

"பரவாயில்லை,
ஒரு மாசம் நோட்டீஸ் இருக்கு."