ஒரு லபன் வாங்கும் நேரம்

சம்பள நாள்.
இடது சாக்ஸுக்குள் ஆயிரத்து நானூறு திர்ஹாம்.
நடக்க நடக்கப் பாதத்தில் ஒட்டிப் பிரிகிறது.

போன ரமலானில் சத்வா பஸ்ஸில்
பின்பாக்கெட்டை பிளேடால் அறுத்தார்கள்.
துணிக்கே வலிக்காத மாதிரி.
இறங்கி, டீக்குக் காசெடுக்கக் கை விட்டபோது
நாலு விரலும் மறுபக்கம் வந்து எட்டிப் பார்த்தன.
அன்றிலிருந்து சாக்ஸ்.

யூனியனில் வரிசை மூன்று மடிப்பு.
ஓரமாக ஊர்ந்து வந்தது ஒரு வெள்ளை கரோலா.
"ஷார்ஜா, ஷார்ஜா, ஒரே ஆள்தான் பாக்கி."
உள்ளே மூன்று ஆண்கள்.
நாலாவது கதவு எனக்கு முன்னால் நின்றவளைப் பார்த்துத் திறந்தது.
வேண்டாம் என்றுகூட அவள் சொல்லவில்லை;
வரிசைக்குள் இன்னும் ஓர் அடி உள்ளே நகர்ந்தாள்.
அப்போதுதான் கவனித்தேன்:
மடித்த வெள்ளைக் கோட்டு கையில்,
கழுத்தில் தொங்கும் அட்டையைத்
திருப்பிப் போட்டிருந்தாள்,
பெயர் நெஞ்சைப் பார்க்க.

பஸ் வந்ததும் படம் எடுத்தாள்.
நம்பர் பலகை. கதவு. கதவருகே முண்டும் கூட்டம்.
அதில் நானும் விழுந்திருப்பேன்,
கட்டம் போட்ட சட்டை, மூன்று நாள் தாடி.
எங்கேயோ யாருடைய போனிலோ
இப்போது நான் இருக்கிறேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கை அவளுக்கு.
ஒரு காதில் மட்டும் இயர்போன்,
மற்றது பஸ்ஸுக்கு.
நான் பின்னால், கம்பியைப் பிடித்தபடி.
தூங்கினால் போச்சு என்பான் அறையில் அன்வர்தீன்;
அவன் தூங்கித்தான் ஒரு போனைத் தொலைத்தான்.
இத்திஹாத் சாலையில் நகராத விளக்குகள்.
பஸ் முழுக்க ஆண்கள்
கையால் எதையாவது தொட்டுத் தொட்டுப் பார்க்கிறோம்,
சட்டைப்பை, இடுப்பு, பையின் ஜிப்.

ஜுபைலில் இறங்கினோம்.
அவளுக்கும் எனக்கும் ஒரே வழி.
அது யார் குற்றமும் இல்லை.
வங்கிக்குப் பின்புறம், மணல் பார்க்கிங்,
ஒரு விளக்கு எரிகிறது, ஒன்று எரியவில்லை.
என் பூட்ஸ் முனையில் இரும்பு வைத்தது,
வேலையில் கொடுத்தது.
பதினோரு மாதமாக எனக்குக் கேட்காத அந்தச் சத்தம்
அவளுக்குக் கேட்டது.
தெருவைக் கடந்தாள்.
என் தெருவும் அந்தப் பக்கம்தான்; நானும் கடந்தேன்.
கடந்த பிறகுதான் உறைத்தது.

"ஆமா, வந்துட்டேன். கீழயே நில்லுங்க" என்றாள்
போனில், உரக்க, தமிழில்.
போனின் திரை இருட்டாக இருந்தது.

பயப்படாதீங்க, நானும் நம்ம ஊருதான் -
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
நல்லவேளை.
இருட்டில் பின்னாலிருந்து அப்படி ஒரு குரல் வந்தால்
எனக்கே வேர்த்திருக்கும்.

பகாலாவுக்குள் திரும்பினேன்.
"எந்தா வேண்டது?" என்றார் குஞ்ஞுமோன்.
ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.
ஒரு லபன் எடுத்தேன்.
காலாவதித் தேதியைப் படித்தேன்.
அரபியிலும் படிக்க முயன்றேன்.
தெருவுக்கு முதுகைக் காட்டியபடி
பக்கத்திலிருந்த மாம்பழ லபனின் தேதியையும்.
"நல்லதாணு, இன்னத்தெயாணு" என்றார் சங்கடமாக.

வெளியே வந்தபோது தெருவில் ஒரு பூனை,
ஏசித் தண்ணீர் சொட்டும் ஒரு வாளி.
எந்த வாசல் அவளுடையது?
தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குக் கொடுத்த ஒரு திர்ஹாம்.

பாதி வழியில், எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம்.
இடது கால் சட்டென்று கனத்தது.
நடையை எட்டிப் போட்டேன்; சத்தமும் எட்டிப் போட்டது.
பொறுக்க முடியாமல் திரும்பினேன்.
தோளில் தண்ணீர் கேனோடு ஒரு பையன்.
என்னைப் பார்த்தான்.
நின்றான்.
கேனை மெல்லக் கீழே இறக்கினான்,
தோள் மாற்றவோ,
நான் போகட்டும் என்றோ.