விரல் மடங்கிய இடம்

சட்டம் இவ்வளவுதான்:
பந்து வைத்திருப்பவன்
தன்னைப் பிடிக்க வருபவனின் முகத்தைத்
திறந்த உள்ளங்கையால் தள்ளலாம்.
குத்தக் கூடாது, அறையக் கூடாது,
முன்னங்கையால் இடிக்கக் கூடாது,
விரல் கண்ணுக்குப் போகவே கூடாது.
படிக்கும்போது நேராகத்தான் இருந்தது.

மக்கெய்சர் மைதானம். நாலரை மணி.
புல் செத்த மூலையில்
புள்ளிமான் ஒன்று லன்ச் சீற் மென்றுகொண்டிருந்தது.
கடற்படை அணி ஐந்து புள்ளி முன்னால்.
கோட்டோரம் பந்தோடு வந்தான் பிரசங்க.
குறுக்கே பாய்ந்தான் கிண்ணியா இஹ்ஸான்,
அவன் எடையில் பாதிகூட இல்லாதவன்.

பட்.

உள்ளங்கையா? முஷ்டியா?
எனக்கும் அந்த முகத்துக்கும் நடுவில்
பிரசங்கவின் முதுகு, அதில் எட்டு என்ற இலக்கம்.
முழங்கை நீண்டதைக் கண்டேன்.
இஹ்ஸான் மண்ணில் கிடந்ததைக் கண்டேன்.
இடையில் இருந்த கால் நொடியை
யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

“ரெஃப்ரீ, கண் இல்லையா?”
ஒரு கரை தமிழில் கேட்டது.
மற்றக் கரை அதையே சிங்களத்தில்.
நான் இன்னும் ஊதவேயில்லை.
கொடியைப் பாதி தூக்கிய யோகரூபன்
“வெயில் முகத்தில அடிச்சது அண்ணை” என்றான்.

காலை வேளைகளில் நான்
பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்கில்
துண்டு எழுதுபவன்.
நகம் பட்ட கண்கள் எத்தனையோ பார்த்தாயிற்று.
குனிந்து பார்த்தேன்.
கன்னத்தில் அகலமாய்ச் சிவப்பு,
அது உள்ளங்கைதான்.
ஆனால் புருவத்துக்குக் கீழே
பிறை போல ஒரு நகக்கீறல்.
முதல் பாதியில் வந்ததாகவும் இருக்கலாம்.

பிரசங்க கையை விரித்துக் காட்டினான்.
இப்போது விரிந்திருக்கும் கை
அப்போதைக்குச் சாட்சி சொல்லாது.
இஹ்ஸானைக் கேட்டேன்.
ஒரு கண்ணால் நீர் வடிய,
“கை சரியாத்தான் வந்திச்சி சேர்,
நான்தான் கண்ண மூடிட்டேன்.”

தண்டம் கொடுத்தேன், அட்டை கொடுக்கவில்லை.
குற்றம் என்றால் அட்டை வேண்டும்.
இல்லையென்றால் தண்டமே வேண்டாம்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு விசிலை ஊதிவிட்டேன்.
அந்தத் தண்டத்திலிருந்து ஏழு புள்ளி.
நகர அணிக்கு வெற்றி, இரண்டால்.
பிரசங்க வந்து கை தந்தான்,
சற்று இறுக்கமாக.

இரவு, உப்புவெளி வீட்டில்
தயாளினி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.
“என்ர முகத்தில கைய வைச்சுத் தள்ளு.”
“உங்களுக்கென்ன விசரே?”
சவர்க்காரக் கையாலேயே தள்ளினாள்.
மெதுவாக, இன்னும் மெதுவாக என்றேன்.

தள்ளும்போது விரல்கள் நேராகத்தான் இருந்தன.
முகம் பின்னால் போகப் போக,
கடைசியில், அவள் நினையாமலே,
அவை மடங்கின,
விழும் ஒன்றைப் பிடிக்கப் போவது போல.
புருவத்தின் கீழ் நகம் பட்டது.

நடுவர் கைநூலில் இதற்கு வரி இல்லை.
கண் எரிந்தது.
“சொல்லுங்கோ, நான் செய்தது சரியோ பிழையோ?”

“தெரியேல்லை. இன்னொருக்காத் தள்ளு.”